மீண்டும் முயலவும்

ஏ.டி.எம். திரையில் ‘மீண்டும் முயலவும்’ என்று வந்தால் இன்றைக்கும் என் விரல் நின்றுவிடும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு சொற்களை ஒருமுறை நானே எழுதியிருக்கிறேன், அதுவும் வஞ்சகமாக.

சென்னை வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கே திரும்பி, வீட்டில் உட்கார்ந்து ஒரு செயலி எழுதினேன். சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவர் பேசிவைத்தால், சிக்னல் கிடைத்ததும் அந்தப் பேச்சு வீட்டுக்குப் போய்ச் சேரும். அனுப்பியவர் போனில் அழிந்துவிடும். கேட்பவரின் மெமரி கார்டில் மட்டும் இருக்கும். எங்கள் பக்கம் பட்டாளத்தில் இருப்பவர்கள் அதிகம் என்பதால் சீக்கிரமே பரவியது. ஆனால் பெரும்பாலும் ஓசியில்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, யாரோ பூட்டை உடைத்துப் போட்ட பிரதியை வருகிறவர்களுக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நேரில் போய்ச் சண்டை போட்டேன்.

“கோவப்படாதம்மா. நம்ம ஊருப் புள்ள எழுதுனதுன்னு சொல்லித்தான எல்லாத்துக்கும் ஏத்திக் குடுக்கேன்” என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாரமே புதுப் பூட்டு போட்டேன். காசு கொடுத்து ஏற்றிய போனைத் தவிர வேறு போனில் திறந்தால் ‘மீண்டும் முயலவும்’ என்று பணிவாக வரும். மூன்றாம் முறையும் தவறினால், பேச்சுகளைத் திறக்கும் சாவி என் சர்வரிலிருந்தே அழிந்துவிடும். முன்கூட்டி எச்சரிக்கை எதுவும் வைக்கவில்லை. திருடுகிறவனுக்கு எதற்கு எச்சரிக்கை? நாசமாய்ப் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

திருடியவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பிரதியில்தான் பூட்டே கிடையாதே!

அச்சன்புதூரிலிருந்து ஓர் அக்கா வந்தார். கணவர் எல்லையில் லாரி ஓட்டிய பட்டாளத்துக்காரர். அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். குற்றாலத்தில் சாரல் பிடித்ததும், மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று சொந்தக்காரர்கள் அக்காவை ஐந்தருவிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். இடுப்பில் செருகியிருந்த போன் நனைந்துவிட்டது. அரிசி டிரம்முக்குள் இரண்டு நாள் புதைத்துவைத்தும் உயிர் வரவில்லை. அண்ணாச்சி கடையில் வேறு போன் வாங்கி, பழைய கார்டைப் போட்டு, என் செயலியைத் திறந்திருக்கிறார்.

“மறுபடி அமுக்குன்னு போட்டிருந்துச்சு, அமுக்குனேன். பொறவும் அதையே போட்டுச்சு, அமுக்குனேன். இப்போ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கு.” போனை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். “அவுக பேசுனதெல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு. தெறந்து குடு தாயி.”

பட்டியலில் தேதியும் நீளமும் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் கீழே நாற்பது வினாடிப் பேச்சு ஒன்று, கேட்கப்படாதது என்ற குறியோடு இருந்தது. இது என்ன என்று கேட்டேன்.

“அவுக போன சேதி வந்து ரெண்டு நாள் கழிச்சு இது வந்து சேந்துச்சு. கேக்கத் தைரியம் வரல. பதினாறு கழியட்டும், நாப்பது கழியட்டும்னு தள்ளிக்கிட்டே வந்தேன். இப்பதான் கேப்போம்னு நெனச்சேன்.”

ஒரு வாரம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, சர்வரைத் துருவினேன். சாவி இல்லை. தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரிடமும் கெஞ்சினேன். உடைக்க முடியாதபடி நான்தான் கெட்டிக்காரத்தனமாகப் பூட்டியிருந்தேன். கடைசியில் அண்ணாச்சியிடமே போய் நின்றேன், பூட்டுடைத்த புண்ணியவானைத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டு.

அவருக்குத் தெரியவில்லை. “மொதல்லயே என் காப்பியப் போட்டுத் தாரேன்னு அந்த அச்சன்புதூர்ப் புள்ளகிட்ட சொன்னேம்மா. எழுதுனவளும் பொம்பளதான, முறையா வாங்கிக்கிடுதேன்னு சொல்லிட்டா” என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.

அன்றே பூட்டை எடுத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளட்டும். மறுநாள் மதியம் அச்சன்புதூர் போய், முடியாது என்பதைச் சொன்னேன். அக்கா அழவில்லை. போனைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“ஒரு தடவ அமுக்குனதோட உங்கிட்ட வந்திருந்தா தெறந்திருக்குமா?”

திறந்திருக்கும். எனக்கு ஒரு நிமிட வேலை.

“இல்லக்கா. போன் நனைஞ்சதுமே சாவி போயிட்டு” என்றேன்.

“அப்போ நான் அழிக்கலல்லா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாந்தான் அமுக்கி அமுக்கி அவுக வாய மூடிட்டேன்னு ஒரு வாரமா சோறு எறங்கல தாயி. இப்பதான் மூச்சு வருது. நீ நல்லாருப்ப.”

எழுந்து உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார். சீனி போதுமா என்று கேட்டார். போதும் என்றேன்.