பன்னீர் பாட்டில்

பண்டமாரானில் குடியிருக்கும் நாகையாவுக்குத் துறைமுகத்தில் லோரி ஓட்டும் வேலை. அவர் வாயைத் திறந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு. மகள் வாணிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மருந்தைக் குடித்துக்கொண்டிருக்கும்வரை ஒன்றுமில்லை, நிறுத்தினால் விழுந்துவிடுவாள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன் முகுந்தனுக்கு அவளை நிச்சயம் செய்தார்கள். கல்யாணப் புடவை எடுக்கச் சென்னைக்குப் பறப்பது இங்கே மலாய் மண்ணில் ஒரு வழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா சீதாலெட்சுமியும் கூட வருகிறார் என்றதும் நாகையா யோசிக்க ஆரம்பித்தார். ஹோட்டலில் பெண்கள் இருவரும் ஒரே அறை. மருந்து பாட்டிலிலோ கிளினிக் லேபல், மகள் பெயர். பார்த்துவிட்டுக் கல்யாணம் வேண்டாம் என்றால்? சாமி அறையில் இருந்த பன்னீர் பாட்டிலைக் காலி செய்து, மருந்தை அதில் ஊற்றினார் மனிதர்.

"யாராச்சும் கேட்டா பன்னீர்னு சொல்லிடு லா."

வாணி, பெட்டி தொலைந்தாலும் மருந்து தொலையக்கூடாது என்று பாட்டிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

விமான நிலையச் சோதனையில் கைப்பை நின்றது. மலாய்க்கார அதிகாரி பாட்டிலை வெளியே எடுத்தார். மருந்தென்றால் விடலாம், வேறு என்றால் இவ்வளவு கொண்டுபோக முடியாது, என்ன இது என்று கேட்டார். பின்னால் சீதாலெட்சுமி வளையல்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வெறும் பன்னீர்தான் பாஸ். தூக்கிப் போடுங்க," என்று மலாயில் முந்திக்கொண்டார் நாகையா.

பாட்டில் குப்பைத் தொட்டியில் விழுந்த சத்தம் கேட்டபோதுதான், எதைப் போடச் சொன்னோம் என்பது உறைத்தது. பெற்ற மகளின் மருந்து. வாணி ஒருமுறை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலை குனிந்துகொண்டார்.

"அது என் மருந்து. வலிப்புக்குக் குடிக்கிறேன்," என்று அவளே அதிகாரியிடம் சொல்லிக் கிளினிக் அட்டையை நீட்டினாள்.

அதிகாரி பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார். மருந்துதான் என்றால் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னார். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வாணி பன்னீர் பாட்டிலைத் தூக்கிக் குடித்தாள். அதிகாரி போகச் சொல்லிக் கையசைத்தார்.

சீதாலெட்சுமி வளையல்களை மாட்டியபடி நாகையாவின் பக்கத்தில் வந்தார்.

"முகுந்தன் வலிப்பு விஷயத்தை அப்பவே சொல்லிட்டாண்ணே. வாணிதான் அவங்கிட்ட சொல்லிச்சாம். நீங்க உங்க வாயால சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

இவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை மறைக்கவா மகளை இத்தனை பேர் முன்னால் நிறுத்தினோம் என்று தன்னையே நொந்துகொண்டார் நாகையா.

வாணி பாட்டிலைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்:

"பாட்டிலை நல்லாக் கழுவிட்டுத்தானே ஊத்துனீங்கப்பா?"

கழுவித்தான் ஊற்றியிருந்தார். ஆனாலும் ஆமாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.