சேவல் இறகுக்குப் பாய்ந்த விரால்

ஐம்பதுகளில் ஒரு கோடை. பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்த என் நண்பன் காதரின் லாரியில், பள்ளிப்பட்டுக்கு அப்பால் மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தோம். தூண்டில் முள்ளில் சேவல் இறகைக் கட்டி, தண்ணீர்மேல் தத்தவிட்டு மீன் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று வழியெல்லாம் அளந்திருந்தேன். ஓர் ஓடை மடுவைக் கண்டதும் இறங்கினோம்.

மதியம்வரை ஒன்றும் சிக்கவில்லை. காதர் கிண்டல் செய்துகொண்டே இருந்தான். அப்போது நீர்மட்டத்தில் செக்கச் செவேலென்று ஒரு கூட்டம் எழும்பியது. நகத்தளவு விரால் குஞ்சுகள்.

"அங்க போடாதபா," என்றான் காதர். "தாய் கீழ காவல் காத்துக்கினு இருக்கும். பசியே இல்லாட்டியும் வந்து கடிக்கும். குஞ்சோட கீற விரால எங்க ஊர்ல யாரும் தொடமாட்டாங்க."

எனக்கும் அது தெரியும். தெரிந்தேதான் இறகைக் குஞ்சுகளின் நடுவே வீசினேன். முழங்கை நீள விரால் ஒன்று சீறி வந்து கவ்வியது.

"இன்னும் உசுரு கீது, உட்டுடு," என்று காதர் என் கையைப் பிடித்தான். உதறிவிட்டுப் பாறையில் அடித்தேன்.

விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்; குஞ்சுகளும் மூச்சுக்காக மறுபடியும் மேலே வந்தன. கெளுத்திகள் நாலு பக்கமும் பாய்ந்தன. எழும்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பு வட்டம் சுருங்கியது. கடைசியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

சாயங்காலம் குழம்பு வைத்தேன். காதர் வெறுஞ்சோறு தின்றான்.

இந்தக் கதையைப் பலரிடம் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறேன். அந்தக் குழம்பு ருசியாக இருந்தது என்பதை மட்டும் இன்றுதான் சொல்கிறேன்.