ராஜாவைப் பிழைக்க வைத்த கிராணி

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்டம் கண்ட காலத்தில், மலாயாவில் ஜாசினுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆபீசில் நான் கணக்கு எழுதும் கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், இருபத்து மூன்று வயது, தனிக்கட்டை. மிஞ்சிய காகிதத்தில் ஒரு மாயாஜால நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். அரும்பு மீசை முளைத்த ஒரு ராஜா, பறக்கும் குதிரைகளை வைத்துக்கொண்டு, கடலிலிருந்து ஏறிவந்த அரக்கர் படையிடமிருந்து தன் நாட்டைக் காக்கிறான். அதை நினைத்தாலே எனக்குத் தலைகால் புரியாது.

ஞாயிறு மதியம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு முன்னால் உட்கார்ந்து வாசிப்பேன். பால் வெட்டுகிற சனம் சும்மா கேட்காது. "படைக்குப் பெரட்டு எடுக்காம ராஜா எப்பிடிங்கையா சண்டைக்குப் போவாரு?" என்றார் ஒருவர். விடிகாலையில் வரிசையில் நின்று பெயர் கொடுக்காமல் எந்த வேலையும் தொடங்கி அவர்கள் பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல் பறக்கும் குதிரைகளையும் நிற்க வைத்துப் பெரட்டு எடுத்தேன். அரண்மனைக்கு ஒரு கிராணியையும் போட்டேன்; அவன் என்னைவிட அழகன்.

ஒரு வாரம் ராஜா மார்பில் அம்பு பட்டு விழுந்தான். கதை கேட்க முதல் ஆளாக வந்து உட்காரும் ஒரு பெண், அவனுக்காக மாரியம்மனுக்குச் சூடம் ஏற்றினாள் என்று கேள்விப்பட்டேன். சாகடிக்கத்தான் நினைத்திருந்தேன். மனசு கேட்கவில்லை, அடுத்த ஞாயிறே எழுப்பி உட்கார வைத்துவிட்டேன்.

அந்த மாதம்தான் துரை ஆள் குறைத்தார். கப்பலேற்றி இந்தியாவுக்கு, சொந்த ஊருக்கு அனுப்ப வேண்டியவர்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்தப் பெண்ணின் புருஷன் பெயரும் வந்தது. அவனுக்கு ஓயாத இருமல். மறுநாள் அவள் ஆபீஸ் வாசலில் நின்றாள், வயிற்றில் ஏழு மாதம். இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். அந்த ஊரை அவள் பார்த்ததே இல்லை.

"அவரு பேர அடிச்சிடுங்கையா."

"நான் எழுதுறவன் மட்டுந்தான் பிள்ளை. சொல்லுறது துரை."

"ராஜாவப் பொழைக்க வச்சீங்களே, அது யாரு சொல்லி?"

துரையிடம் போனேன். "சரி, அவன் இருக்கட்டும். அவனுக்குப் பதில் யார்? நீயே எழுது" என்றார். அரக்கர் படையை அரைப் பக்கத்தில் அழித்தவன் நான். லயத்தில் இருந்த ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. பட்டியல் இருந்தபடியே போனது. வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்ள இன்றுவரை என்னால் முடியவில்லை.

லாரி புறப்படும்போது அவள் தகரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"விடுங்கையா, நீங்க என்ன செய்வீங்க. ராஜாவையாச்சும் பத்திரமாப் பாத்துக்குங்க."

தலையாட்டினேன். அதற்குப் பிறகு அந்தக் கதையில் ஒரு வரிகூட என்னால் எழுத முடியவில்லை.