வேப்பமரமும் முப்பத்திரண்டு இன்ச் பெல்ட்டும்

ஆரம்பாக்கம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருக்கிறது. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் நானும் மச்சானும், அதாவது என் மனைவியின் தம்பியும், மரம் வெட்டப் போவோம். வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்த கிளை, கரண்டுக் கம்பியில் உரசும் கொம்பு, இப்படிப் பக்கத்து ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஏதாவது வேலை கிடைக்கும். ஏறுவது நான். கீழே நின்று கயிறு பார்ப்பது மச்சான்.

அப்போதெல்லாம் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் ஏறுவேன். ஒருமுறை புளியமரத்தில் கால் வழுக்கி அந்தக் கயிற்றிலேயே தொங்கிவிட்டேன். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இரண்டு நாள் கஞ்சி தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. "பெல்ட் வாங்கு, இல்லாட்டி தரையில நின்னு வெட்டுற மரமா பாரு" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

போனில் தேடி, மரம் ஏறுகிறவர்களுக்கென்றே செய்த ஒரு பெல்ட்டைக் கண்டுபிடித்தேன். இடுப்புக்கு ஒரு வார், தொடைக்கு ஒன்றாக இரண்டு வார், முன்னால் கயிறு மாட்டக் கொக்கி. இடுப்பளவு கேட்டிருந்தார்கள். முப்பத்திரண்டு என்று போட்டேன். கல்யாணத்துக்குப் பேன்ட் தைத்தபோது டெய்லர் எழுதிய அளவு அது. மனைவி டேப் எடுத்து வந்தாள். என் இடுப்பு எனக்குத் தெரியாதா என்று அவளை அனுப்பிவிட்டேன்.

பெல்ட் வந்தது. மூச்சை முழுக்க வெளியே விட்டால் பூட்ட முடிந்தது. வீட்டுக்குள் நாலு தடவை நடந்து பார்த்தேன், சௌகரியமாகவே இருந்தது. நின்றுகொண்டு பார்த்தால் எந்தப் பெல்ட்டும் சௌகரியமாகத்தான் இருக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

அதைப் போட்டுக்கொண்டு முதலில் ஏறியது கடலோரத்து லைட்ஹவுஸ் குப்பத்தில். வலை பின்னும் கொட்டகைக்குப் பக்கத்தில் பெரிய வேப்பமரம். காற்றில் பிளந்த கிளை ஒன்று கொட்டகைக் கூரைமேல் படுத்திருந்தது. கொட்டகைக்குள் நாலைந்து ஆண்கள் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள், வெளியே பெண்கள் நெத்திலி காயவைத்திருந்தார்கள். கிளை விழும், நகருங்கள் என்று சொன்னதற்கு நகர்ந்தார்கள், இரண்டு அடி.

கயிறு போடுவது இப்படித்தான். தூண்டில் நரம்பில் ஈயக்குண்டைக் கட்டி உச்சியில் நல்ல கவட்டைக்கு மேலே வீசி, அதன் பின்னால் கயிற்றை இழுத்துக்கொள்வோம். ஒரு முனையை அடிமரத்தில் கட்டுவோம். கீழே தொங்கும் மறுபாதியில் ஒரு சின்னக் கயிற்றால் சுருக்கு முடிச்சு போட்டு அதை என் பெல்ட்டில் மாட்டுவேன். பாரம் இல்லாதபோது முடிச்சைக் கையால் மேலே தள்ளலாம், பாரம் விழுந்தால் அது கயிற்றைக் கவ்விக்கொள்ளும். ஒருவேளை அது விடாமல் இறுகிக்கொண்டால், அடிமரத்தில் கட்டிய கயிற்றை மெல்லத் தளர்த்தி என்னை இறக்கவேண்டியது மச்சான். அவனுக்கு அங்கே வேறு வேலையே கிடையாது.

ஏறினேன். பிளந்த கிளைமேல் ஒரு காலும் பக்கத்துக் கொம்பில் ஒரு காலுமாக நின்று, கூரையை உடைக்காமல் கிளையைத் துண்டு துண்டாக இறக்கினேன். பக்கத்துக் கொம்பும் காய்ந்துபோயிருந்ததால் அதையும் அறுத்துத் தள்ளினேன். அதன் பிறகுதான் கால் வைக்க எனக்கு எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்தது. முழு உடம்பும் முதல்முறையாகப் பெல்ட்டில் உட்கார்ந்தது. தொடை வார்கள் மேலே ஏறி, எங்கே போகக்கூடாதோ அங்கே போய் நின்றன. முடிச்சு இறுகிப்போனது.

"மச்சான், எறக்கு" என்றேன்.

அதற்குள் கீழேயிருந்து ஒரு பெண், "அண்ணா, அங்கருந்து கடல் தெரியுதா? போட்டு எதுனா வருதா?" என்று கேட்டார்.

கேட்டபிறகு பார்க்காமல் இருக்க முடியுமா? நாலைந்து ஃபைபர் படகுகள் கரைப்பக்கம் திரும்பியிருந்தன.

"வருது."

"இன்னா கலரு?"

"பச்ச மாதிரி இருக்கு."

"நம்ப போட்டுதான்" என்று யாரோ சொன்னார்கள். அடுத்த நிமிடம் அன்னக்கூடைகள் சலசலத்தன. பெண்கள் போனார்கள், வலைக்காரர்கள் போனார்கள். மச்சான் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டிவிட்டு, "மாமா, ஏலத்துல நல்ல மீனு கெடைக்கும், தோ வந்துர்றேன்" என்று பை எடுத்துக்கொண்டு ஓடினான். என் போன் சட்டைப்பையில் இருந்தது. சட்டை பைக்கின் மேல் இருந்தது.

ஒரே ஒரு அக்கா மட்டும் நெத்திலிக்குக் காவலாக, கையில் கோலோடு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"யக்கா."

"இன்னா."

"காலு மரத்துப்போச்சு."

"எறங்கேன்."

"எறங்க முடியல."

"அப்ப இன்னாத்துக்கு ஏறுன?"

அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை, காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிமரத்துக் கயிற்றை அவிழ்த்து என்னை இறக்கமுடியுமா என்று கேட்டேன். "உன்ன வுட்டா நெத்திலி மேலதான் வுழுவ" என்றார். நியாயமாகத்தான் பட்டது. இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தமானது எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை. இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே பிறந்துவிட்டதை நினைத்து ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து வந்து அண்ணாந்து பார்த்தார்.

"முடிச்சு இறுகிச்சா?"

"ஆமாக்கா."

"பாரத்த எடுக்காம எந்த முடிச்சு அவுறும்? ஒனக்குக் கீழ வாலு மாதிரி கயிறு தொங்குது இல்ல, அதுல ஒரு வளையம் போட்டு காலு வச்சி எந்திரி."

மரத்த காலை இரண்டு கையாலும் தூக்கி வளையத்துக்குள் வைக்கவேண்டியிருந்தது. எழுந்து நின்றேன். பெல்ட் தளர்ந்தது, முடிச்சும் தளர்ந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளி, வளையத்தை அவிழ்த்து இன்னும் கீழே கட்டி, மறுபடி நின்று, ஒருவழியாக மணலுக்கு வந்து சேர்ந்தேன். நிற்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அக்கா ஒரு சொம்பு தண்ணீர் வைத்துவிட்டு நெத்திலிக்குத் திரும்பிப் போனார்.

ஊர் திரும்பி வந்தது, கூடைகள் காலியாகவே இருந்தன.

"பச்சன்னு சொன்ன? அது நீலம். பக்கத்துக் குப்பத்துப் போட்டு" என்றார் வலைக்காரர் ஒருவர். மச்சான் வெறும் பையோடு அவர் பின்னால் மறைந்து நின்றான். "மாமா, நீயே எறங்கிட்டியா?" என்று கேட்டான். நான் அவனைப் பார்த்தேன். அவன் போய்க் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

வெயிலில் ஓடிவந்த கோபம் பெல்ட்டைக் கண்டதும் அடங்கிவிட்டது. ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். வலைக்காரர் என்னை எழுப்பி நிறுத்தி, இடுப்பைச் சாணால் அளந்தார். நாலு சாணுக்கும் மேலே போயிற்று. "இது ஒன் பெல்ட்டே இல்ல, கொக்குக்குத் தச்சது" என்றார். பிறகு பழைய லைஃப் ஜாக்கெட் ஒன்றைக் கிழித்து, உள்ளிருந்த ஸ்பான்ஜை வெட்டித் தொடை வார்களில் வைத்து வலை நூலால் தைத்தார். இடுப்பு வாரை நீட்ட ஒரு துண்டும் சேர்க்கலாம் என்றார். அது தாங்குமோ தாங்காதோ என்று நான் மறுத்துவிட்டேன்.

தைத்ததும் கொட்டகைத் தூலத்தில் கயிறு மாட்டி, முழங்கால் உயரத்தில் என்னைத் தொங்கவிட்டு டீ குடிக்கச் சொன்னார்கள். டீ முடிகிறவரை கால் மரக்கவில்லை. அதன்பின் ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். அன்று மதியம் அந்தக் கொட்டகையில் வலையில் ஒரு முடிச்சுகூட விழவில்லை.

மறுநாள் மரத்தில் மிச்சமிருந்த காய்ந்த கொம்புகளை வெட்டி முடித்தோம். மச்சானை அடிமரத்தோடு சேர்த்துக் கட்டிவைக்கலாம் என்று அக்கா யோசனை சொன்னார். அவனே பயந்து கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போனதும் மனைவி டேப்பை எடுத்துவந்தாள். இந்தமுறை கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நாற்பது. அவள் அதைக் காலண்டரில் எழுதிவைத்தாள்.

புதுப் பெல்ட்டுக்குச் சென்னையில் ஒரு கடைக்கே நேரில் போனேன். தொங்கிப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்றதும் கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். பிறகு சாமான் தூக்கும் கொக்கியைக் காட்டினார். பத்து நிமிஷம் தொங்கினேன். நடுவில் இரண்டு பேர் வந்து, என்னைச் சுற்றிக்கொண்டு போய் நட்டு போல்ட்டு வாங்கிப் போனார்கள்.

"எப்டி சார் இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்" என்றேன்.