ஏரி வற்றிய வருடத்துச் சண்டை

சேறு காய்ந்து வெடிக்கும்போது ஒரு வாசனை எழும், செத்த மீனும் சுட்ட மண்ணும் கலந்தாற்போல. எனக்குப் பத்து வயதான அந்தக் கோடையில், தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் ஊருக்கும் அக்கரை ஊருக்கும் நடுவிலிருந்த ஏரி அடியோடு வற்றிப்போய், அந்த வாசனை எங்கள் துணிமணியிலும் சோற்றிலும்கூட ஏறியிருந்தது.

தண்ணீர் போனதும் தரை தெரிந்தது. தரை தெரிந்ததும் அது யாருடையது என்ற கேள்வி வந்தது. படப்பைப் பக்கம் மனை வாங்குகிறவர்கள் காரில் வந்து இறங்கத் தொடங்கியிருந்த காலம். ஏரி நடுவே நின்ற எல்லைக்கல் பத்தடி நகர்ந்திருக்கிறது என்றார்கள் எங்கள் ஊரார். நகர்த்தியதே நீங்கள்தான் என்றார்கள் அக்கரையார். "தண்ணி இருந்தப்போ எல்லை எங்க கீதுன்னு எவனாவது கேட்டானா?" என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கல்லெறியில் மண்டைகள் உடைந்தன. இரண்டு பக்கமும் வைக்கோல் எரிந்தது. கடைசியில், அக்கரையார் தாம்பரம் போகும் ஒரே தார்ச்சாலையை எங்கள் ஊரார் எங்கள் வீட்டெதிரில் புளியங்கிளைகளை வெட்டிப் போட்டு மறித்தார்கள். மறித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

அம்மாவின் தங்கை கமலா சித்தியை அக்கரை ஊரில்தான் கொடுத்திருந்தது. அவளுக்கு நிறைமாதம். ஒரு காலையில் ஆட்டோ வந்து கிளைகளுக்கு முன்னால் நின்றது. சித்தப்பா இறங்கி ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்தார்.

"வலி வந்துட்ச்சுண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போவணும். வழி வுடச் சொல்லு."

"சுத்திகினு போ!" என்றான் கூட்டத்தில் ஒருவன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஓடிப்போய்க் கிளையை இழுத்தாள். அவளைப் பிடித்துத் தள்ளினார்கள். ஆட்டோ திரும்பிப் போயிற்று. செம்மண் பாதையில் குலுங்கிச் சுற்றிக்கொண்டு போகையில், வழியிலேயே பிறந்த குழந்தை அழவே இல்லை.

இருபது நாள் கழித்து, உச்சிவெயிலில், வெடித்த ஏரித்தரையில் சித்தி தனியாக நடந்து வந்ததைப் பார்த்தேன். எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தினாள். பிறகு மெதுவாகத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். உதடுகள் அசைந்தன; பாட்டு எதுவும் கரைக்கு வந்து சேரவில்லை. மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். இரண்டு கரையிலும் கம்போடு நின்றவர்கள் கம்பைத் தாழ்த்திக்கொண்டார்கள். வெயிலில் அவள் உருவம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிந்தது.

ஐந்தாம் நாள் அப்பா அவளிடம் போனார். நான் பின்னாலேயே போனேன். "கமலா, எழுந்து வா" என்றார். அவள் நிமிர்ந்து, அவருக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலப் பார்த்தாள்.

"சத்தம் போடாதீங்க மாமா. தூங்குது."

அதன்பிறகு யாரும் அந்தக் கல்லைத் தொடவில்லை. பேச்சுவார்த்தை, சமாதானம் என்று எதுவும் நடக்கவில்லை. கிளைகளை யாரோ ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஐப்பசி மழையில் கல் மூழ்கியது. சித்தி மெல்லத் தேறினாள். பின்னால் அவளுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள்.

இன்று அங்கே ஏரி இல்லை, அடுக்குமாடிகள்தான். எல்லை எங்கே என்று போன மாதம் ஓர் ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "இன்னா எல்லை? எல்லாம் ஒரே ஏரியாதான்க்கா" என்றார். இரண்டு ஊர்ப் பெயரும் அவருக்குத் தெரியவில்லை.

அப்பாவும் போய்விட்டார். அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஆட்கள் விலகியிருப்பார்கள். அவர் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அது அவருக்கும் தெரியும். சாகும்வரை அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் இப்போது சொல்கிறேன்.