குடும்பத்தாருக்கான அறை

காபி டபராவில் டம்ளர் தடதடவென்று ஆடியதுதான் முதல் அறிகுறி. காலையில் என் கை நடுங்கும். ஒரு வாய் பிராந்தி உள்ளே போனால் நின்றுவிடும். அதை நல்லெண்ணெய் டின்னில் ஊற்றி, சமையலறை மேல்தட்டில் வைத்திருந்தேன். மலையாளத்து ஊரில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஸ்ரீவராகத்தில், கல்லூரிக்குப் பாடம் எடுக்கப் போகிற ஒரு மாமி செய்த காரியம் இது. எழுதும்போதே காது சுடுகிறது.

கர்ப்பப்பையை எடுத்தபிறகு தூக்கம் வரவில்லை, அதற்காகத்தான் குடித்தேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் மலையாளி, தமிழ் பேசுவார்.

"டீச்சரே, தூக்கத்துக்குக் குடிக்கிறவங்க காலைல எதுக்குக் குடிக்கணும்?" என்றார்.

டிடாக்ஸ் (மருந்தின் துணையோடு உடம்பைக் குடியிலிருந்து இறக்கும் சிகிச்சை) என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வித்ட்ராயல் (குடி கிடைக்காமல் உடம்பு படும் பாடு) வந்தபோது, சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகக் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. என் வீட்டுக்காரருக்கு இருக்கிறது.

அவர் ராமநாதன், கணக்கு வாத்தியார். ஒரு மார்க் அதிகம் போடச் சொன்னால்கூடப் போடாத மனிதர். தெருவில் விசாரித்தவர்களிடம், "அவளுக்கு வயத்துல புண்ணு" என்றார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன முதல் பொய் அது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், குடியை விட்டவர்கள் கூடுகிற இடத்துக்கு வாராவாரம் போகச் சொன்னார். தம்பானூரில், ஒரு லாட்ஜுக்குப் பின்னால், மாடியில் அந்தக் கூட்டம். சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். வாடை தெரியக்கூடாதென்று பின்னால் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்வது எனக்குப் பழகிப்போயிருந்தது. குடிக்காத அன்றும் அப்படியே உட்கார்ந்தேன். அவர் கீழே டீக்கடையில் நின்றுகொண்டார்.

மாடியில் எதிரெதிரே இரண்டு அறைகள். ஒன்று நிறைய ஆண்கள். வாசலில் நின்றவர் என்னைப் பார்த்ததும், "சேச்சி, குடும்பத்தார் அந்தப் பக்கம்" என்று மலையாளத்தில் சொல்லி, எதிர் அறையைக் காட்டினார். அவர்மேல் தப்பில்லை. அங்கே வருகிற பெண் குடிகாரனின் மனைவியாகத்தான் இருப்பாள்.

நான் மறுத்துச் சொல்லவில்லை. எதிர் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும், "வீட்டுக்காரர் குடிப்பார்" என்றேன். டின்னில் ஒளித்தது, காலையில் கை நடுங்கியது, எறும்பு, எல்லாவற்றையும் அவர்மேல் ஏற்றிச் சொன்னேன். அழுகையும் வந்தது. பெண்கள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். வெட்கங்கெட்டவள், அந்த ஆறுதல் எனக்கு இதமாக இருந்தது.

பக்கத்தில் லதா. நாகர்கோவில்காரி, பஸ் ஸ்டாண்டு அருகே ஹோட்டல் நடத்துகிறாள். அவள் கணவன் எதிர் அறையில் இருந்தான். கூட்டம் முடிந்ததும் என்னோடு கீழே இறங்கி வந்தவள், டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் நேரே போனாள்.

"அண்ணா, அக்காவை மட்டும் மேல அனுப்பிட்டு நீங்க கீழ நின்னா எப்படி? குடிக்கது நீங்கதானே? நீங்கல்லா வரணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கடையில் தொங்கிய வாழைத்தாரைப் பார்த்தேன்.

"சரிம்மா, அடுத்த வாரம் வரேன்" என்றார்.

வழியிலும் வீட்டிலும் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாதம் இறங்கவில்லை. குடிக்க வேண்டும் என்ற வெறி மட்டும் குறையாமல் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் உண்மையிலேயே மாடியேறி, ஆண்கள் அறைக்குள் போய் உட்கார்ந்தார். நான் குடும்பத்தார் அறையில். இரண்டு கதவும் திறந்திருந்தன. அங்கே ஒரு வழக்கம்: புதிதாக வந்தவர் எழுந்து, பெயரைச் சொல்லி, நான் குடிநோயாளி என்று சொல்ல வேண்டும். அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார்.

"என் பேர் ராமநாதன்" என்றார். அதற்குமேல் வரவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகினார். எனக்காக இரண்டாவது பொய்யைச் சொல்ல அந்த மனிதர் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

நான் எப்படி எழுந்தேன், எப்படி அந்த அறைக்குள் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை.

"அவர் உட்காரட்டும்" என்றேன். "என் பேர் கோமதி. குடிக்கறது நான்."

ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். வாசலுக்கு வந்து நின்ற லதா அவரிடம், "அண்ணா, நான் தெரியாம..." என்று இழுத்தாள்.

"நீ என்னம்மா பண்ணுவே" என்றார் அவர்.

இதைப் படிப்பவர் ஒரு பெண்ணாக, அப்படியொரு வாசலில் தயங்கி நிற்பவராக இருந்தால் ஒன்றுதான் சொல்வேன். தப்பான அறையில் எவ்வளவு ஆறுதல் கிடைத்தாலும் கை நடுக்கம் நிற்காது.

இப்போதும் எனக்கு முழுக்க நின்றுவிடவில்லை. நரம்புத் தளர்ச்சி மெதுவாகத்தான் போகும் என்கிறார் டாக்டர். சில காலைகளில் டம்ளர் ஆடுகிறது. காபி சிந்தினால் துடைத்துவிட்டு வேறு கொண்டுவருகிறேன். முன்பெல்லாம் கல்லூரியில் மத்தியான வகுப்பிலேயே எனக்குச் சாயங்காலம் தொடங்கிவிடும், டின்னை நினைத்து. இப்போது அது வருகிற நேரத்துக்குத்தான் வருகிறது. நீளமாகவும் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அறை மாறிய அன்று திரும்பும்போது தூறல். ஸ்கூட்டரைக் கிளப்புமுன் அவர் கேட்டார்.

"கை நடுங்கறதா?"

"நடுங்கறது."

"அப்போ கிட்ட வந்து பிடிச்சுக்கோ."

நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை முகத்தைத் திருப்பாமல், அவர் கழுத்துக்குப் பக்கத்திலேயே மூச்சுவிட்டுக்கொண்டு வந்தேன்.