வுப்பர்டாலில் மேடில்லாத ஒரு தெரு

சனிக்கிழமை காலை, ஜெர்மனியில் நாங்கள் அப்போது வாழ்ந்த ஹனோவரில் ரயில் ஏறினோம். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்த என் கணவர் ரூபனுக்கு வுப்பர்டாலில் வேலை கிடைத்திருந்தது. குடியேறும் பகுதியை அன்றே முடிவு செய்ய வேண்டும். பதினொரு வயது மகள் மதுராவையும் அழைத்துப் போனோம். அவள் சக்கர நாற்காலியில் நடமாடுபவள். ஹனோவர் தட்டையான ஊர். வுப்பர்டாலோ ஆற்றின் இரு பக்கமும் மலைச்சரிவில் ஏறி நிற்கும் ஊர், தெருவுக்குத் தெரு படிக்கட்டு.

இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ரூபனின் தூரத்து உறவினர் செல்வம் அண்ணை காருடன் காத்திருந்தார்.

"வடிவான வீடு ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறன், தங்கச்சி. சுத்திவர எங்கடை ஆக்கள்தான்."

கார் ஏறிக்கொண்டே போனது. வீடு உண்மையிலேயே அழகு. மூன்று அறை, லிஃப்ட், சன்னலில் முழுப் பள்ளத்தாக்கும் தெரிந்தது. ரூபனின் முகம் மலர்ந்தது. கீழே இறங்கி வந்தபோது மதுரா மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டாள். தெருவின் சரிவில் நாற்காலி தானாக உருள, இரு கைகளாலும் சக்கரங்களை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, இதிலை நான் தனியப் போக ஏலாது."

"ஏன் பிள்ளை தனியப் போகோணும்? தள்ளிக்கொண்டு போக ஆக்கள் இருக்கினம்தானே" என்றார் அண்ணை.

"எனக்குத் தள்ள ஆள் வேண்டாம், மாமா."

ரூபன் என்னை ஒரு பக்கமாக அழைத்து, "வேலை வேண்டாமெண்டு சொல்லட்டோ?" என்றார்.

அண்ணை சக்கரங்களைப் பிடித்திருந்த மதுராவின் கைகளைப் பார்த்தார். பிறகு, "ஃபோவிங்கல் பக்கம் போவம். தமிழாக்கள் குறைவு. ஆனால் மேடு பள்ளம் பெரிசா இல்லை" என்றார்.

காரைக் கீழே விட்டுவிட்டுத் தொங்கு ரயிலில் போனோம். தண்டவாளம் தலைக்கு மேலே. பெட்டிகள் அதிலிருந்து தொங்கியபடி ஆற்றின் மேல் ஓடுகின்றன. ஃபோவிங்கலில் ஆற்றை விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்கு மேலேயே ஓடியது. கடைசி நிறுத்தத்தில் லிஃப்டில் இறங்கினோம்.

மதுரா ஐந்து யூரோ கேட்டாள். "ஐஸ்கிரீம் வாங்கப் போறன். நீங்கள் வரவேண்டாம்."

நான் ஓரடி எடுத்து வைத்தேன். ரூபன் என் கையைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமைக் கூட்டத்தில் அவள் தலை மறைந்தது. தலைக்கு மேல் ஒரு ரயில் தடதடத்துப் போனது. அண்ணை எட்டி எட்டிப் பார்த்தார்.

மடியில் ஒரு கிண்ணத்துடன் திரும்பி வந்தாள்.

"கடை வாசலிலை ஒரு படியும் இல்லை! நாளைக்கும் வரச் சொல்லிக் கடைக்கார அக்கா சொன்னவா. நாளைக்கு ஏலாது, அடுத்த மாசம் வீடு மாறி வாறன் எண்டு சொல்லிப்போட்டன்."

அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். "முடிவெடுத்தாச்சு! இனி இங்கை வீடு தேடுறது என்ரை பொறுப்பு."

மாலை ரயிலில் திரும்பினோம். வீடு இன்னும் கிடைக்கவில்லைதான். வெளியூர் போய்வரும்போதெல்லாம், மலைகள் பின்தங்கிச் சமவெளி தொடங்கியதும் ஊர் வந்துவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதி வரும். அன்று அது வரவில்லை. அந்த நிம்மதி ஃபோவிங்கல் தெருவிலேயே வந்துவிட்டிருந்தது.